ஏழாம் தலைமுறை

பூட்ஸைக் கழற்றுவதற்கு முன்பே
அலமாரியைத் திறந்து பார்க்கிறேன்.
இருபத்தெட்டு டிகிரி.
வெளியே ஒஸ்த்ராவாவில் பழைய பனி
கரி படிந்து கிடக்கிறது.
உள்ளே ஆப்பிரிக்க மழைக்காலம்,
ஒரு பல்பும் ஒரு தெளிப்பானும்
சேர்ந்து சொல்லும் பொய்.

பதினொரு ஜாடி. ஒரே குடும்பம்.
கடோவிட்சே பூச்சிச் சந்தையில்
செஸ்வாவ் என்பவனிடம் வாங்கியது
ஒரே ஒரு முட்டைக்கூடு,
காய்ந்த நுரைபோல், கட்டைவிரல் நீளம்.
அதன்பிறகு இந்த வீட்டில் நடந்த
கல்யாணமெல்லாம்
அண்ணனுக்கும் தங்கைக்கும்.

பெயர்தான் கும்பிடுபூச்சி.
கும்பிட்டு யாரிடம் மன்னிப்புக் கேட்கும்?
மாமன் மகள் எவள், பங்காளி எவன்,
அதற்கு முறை தெரியாது.
அந்தக் கணக்கு என் நோட்டில், பென்சிலில்:
முதல் தலைமுறை, நூற்றுப்பத்துக் குஞ்சு.
மூன்றாவது, தொண்ணூறு.
ஐந்தாவது, அறுபத்து மூன்று.
ஆறாவதில்
பழ ஈயைத் துரத்தத் தெரிந்தவை பதினேழு.
மற்றவை பிறந்த நூலிலேயே
தொங்கி நின்றுவிட்டன.

கடைசிச் சட்டை உரித்த ஆண் ஒன்றுக்கு
இடது முன்கால் மடங்கவில்லை.
ஒற்றைக் கையால் கும்பிட்டான்.
ரத்தமா காரணம்?
அந்த வாரம் மின்சாரம் போய்
ஜாடி வறண்டதே, அதுவா?
பத்துத் தலைமுறைக்கு ஒன்றும் ஆகாது
என்கிறவர்கள் இருக்கிறார்கள்.
அவர்கள் யாரும்
நூலில் தொங்கியதை எண்ணியவர்கள் இல்லை.

பணிமனையில் ராதிம் கேட்டான்,
பேசாமல் ஒரு நாய் வளர்க்கலாமே?
அவன் நாய்க்கு எட்டுத் தலைமுறைச் சான்றிதழ்,
சட்டம் போட்டு மாட்டியிருக்கிறான்.
தூய ரத்தமாம்.
அது சோபாவில் படுத்து
மூச்சுக்கு அல்லாடிக்கொண்டிருந்தது.

கிராட்ஸிலிருந்து ஓட்டோகார் அனுப்பிய பெட்டி
செவ்வாய்க்கிழமை வந்தது.
சூட்டுப்பை, பஞ்சு, மெல்லிய காகிதம்,
அதற்குள் ஓர் ஆண், உயிரோடு.
‘புது ரத்தம், பத்திரம்’ என்று ஒரு சீட்டு.
வம்சாவளித் தாளை
கடைசியில்தான் பிரித்தேன்.
கிராட்ஸுக்கு முன் லின்ஸ்,
லின்ஸுக்கு முன் பர்னோவில் ஒரு மாணவன்,
அவனுக்கு முன்
பெயரில்லை. பழைய ஒட்டுச்சீட்டின் நகல் மட்டும்:
ஒ-3.

மூன்றுக்கு நான் போடும் வால்.
என் கையெழுத்து.
மூன்றாம் தலைமுறையில் ஒரு கூடு
அதிகம் இருந்தது;
ஹீட்டர் வாங்கப் பணம் போதவில்லை;
விற்றேன்.

எல்லை தாண்டித் தேடிப் பிடித்த மாப்பிள்ளை
இதே அலமாரியிலிருந்து போனவன்.

ஓட்டோகாருக்குப் போன் செய்தேன்.
நெடுநேரம் பேச்சில்லை.
பிறகு இருமலோ சிரிப்போ ஒன்று.
சம்பந்தி ஆகப்போகிறோம் என்றிருந்தேன்,
பங்காளி ஆகிவிட்டோம்.
செஸ்வாவின் எண் இப்போது
யாரோ ஒரு பல் டாக்டருடையது.

இன்று விடிகாலை எட்டாம் ஜாடியில்
அவள் சிறகைச் சற்றே தூக்கி
வயிற்றை வளைத்திருக்கிறாள்.
அழைக்கிறாள்.
எனக்கு அந்த வாசனை எட்டாது.
அவனுக்கு எட்டிவிட்டது;
மீசை இரண்டும் நிற்கவில்லை.

மூன்றில் பிரிந்தான், ஆறில் வந்து சேர்ந்தான்.
இடையில் நான்கு வீட்டுத் தண்ணீர்,
நான்கு வீட்டு ஈ.
அதைத் தூரம் என்று சொல்லலாமா?
யாரிடம் கேட்க?
ஒற்றைக் கையன் பக்கத்து ஜாடியில்
என்னைப் பார்க்கத் தலையைத் திருப்புகிறான்.

அவளுக்கு இரண்டு வெட்டுக்கிளி கொடுத்தேன்,
மாப்பிள்ளையைத் தின்னாதிருக்க.
நோட்டில் அவன் பெயரருகே
‘அந்நியன்’ என்று முன்பே எழுதியிருந்தேன்.
அழிக்கவில்லை.
ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு
மூடியைத் திறந்தேன்.

காற்றே இல்லாத இடத்தில்
இலைபோல் ஆடி நின்றான்.
கீழே முதல் ட்ராம் போனது,
கண்ணாடி அதிர்ந்தது.
அந்த அதிர்வின் மறைவில்
ஓர் அடி வைத்தான்.